சின்னத் தட்டு

"மறுபடியும் ஏறியிருக்கே ஐயா!"

எதிரே, ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் திருட்டு முழி முழித்தார். நர்ஸ் சர்க்கரை பார்க்கும் கருவியைத் தட்டிப் பார்த்தாள். அதன் மேல் தப்பில்லை.

வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிப்பது அவள் வேலை. தன்னால் முடிந்ததை நோயாளி தானே செய்ய வேண்டும், முடியாததை வீட்டார், அவர்களாலும் முடியாததற்குத்தான் நர்ஸ் என்று படிப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆயுசுக்கும் கூட வரும் வியாதிக்கு அதுதான் வழி. அப்படித்தான் சாப்பாட்டை டிரைவரிடமே விட்டிருந்தாள். பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதையாகிவிட்டது.

"இனிமே நீங்களா எடுத்துப் போட்டுக்கக் கூடாது. அம்மா, சாப்பாடு உங்க பொறுப்பு."

அவர் மனைவிக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "என்கிட்ட விட்டுடுங்க, நான் பார்த்துக்கறேன்."

டிரைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த மலர்ந்த முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

அடுத்த முறை சர்க்கரை இன்னும் எகிறியிருந்தது. நர்ஸ் ஒரு சின்னத் தட்டு வாங்கி வந்தாள்.

"ஒரு வேளைக்கு இதுல ஒரு தடவைதான்."

"பொம்மைக்குச் சோறு வைக்கிற தட்டாட்டம் இருக்கே நர்ஸம்மா!" என்றார் டிரைவர்.

மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சர்க்கரை அதற்கும் அசைந்து கொடுக்கவில்லை, ஏறியது.

"அவர் கெஞ்சினாலும் போடாதீங்கம்மா."

"அவர் கேக்கறதே இல்லையே! ஒரே தடவைதான் போடறேன், சத்தியமா."

பொய் சொல்லும் முகமில்லை அது. அப்படியென்றால் தெரியாமல் எடுத்துத் தின்னும் கள்ளன் டிரைவர்தான் என்று நர்ஸ் முடிவு கட்டினாள். அதற்குள் அவர் பாதத்தில் ஒரு புண் வந்து, ஆறாமல் கறுத்துக்கொண்டிருந்தது. கட்டுப் போடும்போது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"நாக்கைக் கட்ட முடியாதா உங்களால? காலையே எடுக்கணும்னு டாக்டர் சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்றது, அவ கைப்பக்குவம் அப்படி" என்று சிரித்துவிட்டு, அவர் காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். அடுக்களையில் மனைவி பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் விடுவிடுவென்று மாடிப்படி இறங்கினாள். கீழ்வீட்டுத் தையற்காரம்மா, "எப்படி இருக்கார்?" என்றாள்.

"தின்னே சாகப் போறார். வெட்கமே இல்லாத மனுஷன்!"

தையற்காரம்மா மிஷினை நிறுத்தினாள்.

"திட்டாதீங்கம்மா, அந்தம்மாவுக்கு இப்பல்லாம் சோறு போட்டதே மறந்துபோய்த் திரும்பத் திரும்பப் போடறாங்க, 'அப்பவே சாப்பிட்டேன்'னு சொன்னா பயந்து அழறாங்கன்னு, அவர் ஒவ்வொரு தடவையும் அப்பதான் பசிக்கிற மாதிரி உட்காந்து சாப்பிடறார்."