கொக்கின் முட்டியும் ஐந்து ஆங்கிலச் சொற்களும்

அரசாங்கக் காகிதத்தில் ஏறும் சொல் துல்லியமாக இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் ஆட்சேபனை இருக்க முடியாது. தியாகேசனுக்கும் இல்லை. அவருக்கு இருந்த ஒரே ஆட்சேபனை, தன் வயலில் தண்ணீர் நிற்கிறதே என்பதுதான்.

கீழ்வேளூருக்குக் கிழக்கே குத்தகை நிலத்தில் சம்பா போட்டிருந்தார். தூர் கட்டி, பார்த்தவர் கண் பட்டுவிடும் போல நின்ற பயிர். கார்த்திகை மழை விடாமல் கொட்டித் தீர்த்துவிட்டு, தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பது போல வானம் வெளுத்துக்கொண்டது. தண்ணீர் மட்டும் போகவில்லை. போக வழி இல்லாமலும் இல்லை. வடிகால் வாய்க்காலின் கடைசியில் ஒரு மதகு இருந்தது. கடல் தண்ணீர் உள்ளே ஏறாமல் இருக்க அதன் பலகையை இறக்கி வைத்திருந்தார்கள். பலகையைத் தூக்கிவிட்டால் வயலெல்லாம் ஒரு பகலில் வடிந்துவிடும். ஒரு வாரம் அப்படியே விட்டால் பயிர் அழுகிவிடும்.

மதகைத் திறந்து மூடுகிற வேலை லஸ்கர் நாகநாதனுடையது. அதற்கான இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரையே சுற்றி வருவார்.

"ஒரு திருப்பு திருப்பி விடேன் நாகநாதா" என்றார் தியாகேசன்.

"எனக்கென்னண்ணே, விட்டுடுவேன். போன வருஷம் அப்படித்தான் விட்டேன், மெமோ குடுத்தாங்க. பதில் எழுதி எழுதி என் கையெழுத்தே திருந்திப் போச்சு. ஒரு உத்தரவு மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க."

உத்தரவு தர வேண்டியவர் வடிகால் ஒழுங்குப் பிரிவின் அதிகாரி டேவிட்சன். நல்ல மனிதர். சமீபத்தில் தஞ்சாவூரில் ஏ.சி. ஓட்டல் ஒன்றில் 'நிர்வாகத்தில் சொல் துல்லியம்' என்ற பயிற்சி முகாமுக்குப் போய் வந்திருந்தார். அன்று முதல் அவருக்கு எந்தச் சொல்லைக் கேட்டாலும் சந்தேகம் வந்துவிடும்.

"சார், வயல்ல தண்ணி நிக்குது. மதகைத் திறக்கணும்."

"நிக்குதுன்னா?"

இப்படி ஒரு கேள்வியைத் தியாகேசன் எதிர்பார்க்கவில்லை. "நிக்குதுன்னா... போக மாட்டேங்குது சார்."

"அது பொதுவான பேச்சு. உத்தரவுல பொதுவான பேச்சு வரக்கூடாது. உங்களுது ஃப்ளட்டா, இனண்டேஷனா, சப்மெர்ஜென்ஸா, வாட்டர்லாகிங்கா, ஸ்டாக்னேஷனா?"

"எல்லாம் தண்ணிதானே சார்?"

டேவிட்சன் முகத்தில் நிஜமான வேதனை தெரிந்தது. "அப்படிச் சொல்லாதீங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நுட்பம் இருக்கு."

"எதுன்னா மதகு திறப்பீங்க, அதையே எழுதிக்குங்க சார்."

"பலனைப் பாத்துச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறது ஒழுங்கீனம்" என்றார் டேவிட்சன். "நேர்ல வந்து பாத்துடுறேன்."

மறுநாள் ஜீப்பில் வந்தார். கூடவே உதவியாளர் வானதி, கையில் அளவுகோலும் அந்த ஐந்து சொல் எழுதிய தாளுமாக. வரப்பில் நின்றபடி சொல்லாய்வு தொடங்கியது.

"இந்தத் தண்ணி எங்கேருந்து வந்தது?"

"வானத்துலேருந்துதான் சார்."

"ஆறு, வாய்க்கால் உடைச்சிக்கிட்டு வந்தாதான் ஃப்ளட். அடிச்சிடும்மா." வானதி அடித்தார். "இனண்டேஷன்னா இன்னும் ஏறிக்கிட்டே இருக்கணும். இது ஏறலை. சப்மெர்ஜென்ஸ் வேணும்னா பயிர் மொத்தமா மறைஞ்சிருக்கணும். அதோ பாருங்க, கொக்கு நிக்குது. கொக்கோட முட்டி தெரியுது. முட்டி தெரிஞ்சா சப்மெர்ஜென்ஸ் இல்லை."

"அது உசரமான கொக்கு சார்!"

"கொக்கோட உயரத்துக்கு எங்க பிரிவு பொறுப்பேற்க முடியாது."

வாட்டர்லாகிங் என்று எழுதலாமா என்று வானதி தயங்கித் தயங்கிக் கேட்டார். வேர் மூச்சுத் திணறுகிறது என்று ஆய்வுக்கூடம் சான்று தந்தால்தான் அந்தச் சொல்லைத் தொடலாம் என்றார் டேவிட்சன். பிறகு ஒரு வேப்பிலையைக் கிள்ளித் தண்ணீரில் போட்டார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். இலை போட்ட இடத்திலேயே கிடந்தது.

"அசையலை! ஸ்டாக்னேஷன்!" என்று பெற்ற பிள்ளையைப் பார்த்தது போல மலர்ந்தார் அதிகாரி.

"ரொம்ப சந்தோஷம் சார். அப்ப மதகைத் திறந்துடலாம்?"

"ஸ்டாக்னேஷன் எங்களுக்கு வராதே. அசையாத தண்ணி கொசு ஒழிப்புப் பிரிவுக்குப் போகும். இன்னைக்கே அனுப்பிடுறேன்." சொன்னபடியே அன்றைக்கே அனுப்பிவிட்டார். வேலையில் அவ்வளவு சுறுசுறுப்பு.

கொசு ஒழிப்புப் பிரிவும் சளைத்ததில்லை. அடுத்த நாளே வந்து வயல் முழுக்கப் புகை அடித்தார்கள். கொசுப் புழுவைத் தின்னும் குட்டி மீன்களை ஒரு வாளி நிறையக் கொண்டுவந்து பயிருக்குள் விட்டார்கள். தியாகேசனை வாளியோடு நிற்க வைத்துப் படமும் எடுத்துக்கொண்டார்கள். "கொழம்புக்குக்கூட ஆகாத மீனு" என்றாள் அவர் மனைவி அகிலாண்டம்.

அதற்குள் செய்தி ஊருக்குள் போய்விட்டது. டீக்கடையில் பக்கத்து வயல்காரர் மீரா உசேன் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"எனக்கு ஆய்வுக்கூடத்துல எழுதி வாங்கியும் வெறும் வாட்டர்லாகிங்தான், உத்தரவுகூட இன்னும் வரலை. உனக்கு மட்டும் ஸ்டாக்னேஷன், மீனு, போட்டோ. ஆள் புடிச்சு வச்சிருக்கே."

"அதெல்லாம் இல்லை பாய். இலை அசையலை, அவ்வளவுதான்" என்றார் தியாகேசன். அடக்கமாகத்தான் சொன்னார். ஆனால் மறுநாள் டீ குடிக்க இஸ்திரி போட்ட சட்டையில் போனார்.

அன்று மாலையே தாலுகா ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்தது. மேற்படி இடத்தில் மீன்கள் வசிப்பதால் அது நீர்நிலை என்றும், நீர்நிலைக்குள் அத்துமீறி நெல் நட்டதற்கு விளக்கம் தேவை என்றும் அதில் கண்டிருந்தது. தியாகேசன் பயந்துபோய் அதை நாலு பேரிடம் காட்டினார். டீக்கடையில் மரியாதை இன்னும் ஏறியது. நீர்நிலை ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் வருவது பெரிய பெரிய ஆட்களுக்குத்தானே! டீக்கடைக்காரரின் மகன் குவைத்திலிருந்து போன் போட்டு வாழ்த்துச் சொன்னான்.

அகிலாண்டம் பொறுத்துப் பார்த்தாள். "பயிரு செத்துக்கிட்டிருக்கு. நீங்க அதுக்குப் பேரு சொல்லிக்கிட்டுத் திரியிறீங்க. போய்க் கையை விட்டுப் பாருங்க" என்றாள்.

போய்ப் பார்த்தார். ஒரு தூரைப் பிடித்து இழுத்தார். அடித்தண்டு இன்னும் கெட்டியாக இருந்தது, தண்ணீருக்குள் கிடந்த அடியிலை மட்டும் கொழகொழவென்று கையோடு வந்தது. தியாகேசன் வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அந்தப் பக்கம் வந்த நாகநாதன் சாவியைத் தோளிலிருந்து இறக்கினார்.

"அழுவாதீங்கண்ணே. இன்னும் தப்பிச்சுக்கும். எனக்கு ஒத்தையாத் திறக்கத்தான் பயம். வயல்காரங்க நாலு பேரைக் கூட்டியாந்து நிறுத்துங்க, ஊரே திறந்துச்சுன்னு சொல்லிக்கலாம். ஊருக்கெல்லாம் மெமோ குடுக்க முடியாதுல்ல."

தியாகேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீக்கடைக்கு ஓடினார். வயல்காரர்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இப்பவா?" என்றார் மீரா உசேன். "அலைஞ்சு திரிஞ்சு இன்னைக்குத்தான் எனக்கும் ஸ்டாக்னேஷன்னு மாத்திக் குடுத்திருக்காங்க. மதகைத் திறந்தா தண்ணி நகந்துடும். நகந்தா மறுபடி வாட்டர்லாகிங்கூட இல்லைன்னுடுவாங்க. நாளைக்குத்தான் எனக்கு மீனு வருது."

"எனக்கு சப்மெர்ஜென்ஸே வந்துடும் போல இருக்கு. ஒரு மழை பெஞ்சா போதும்" என்றார் இன்னொரு வயல்காரரான வைத்தியலிங்கம். "உனக்கு எல்லாம் கிடைச்சிடுச்சு, இப்ப திறக்கச் சொல்றே."

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நாகநாதன் பொழுது சாயும்வரை காத்திருந்துவிட்டு, சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

பயிர் அழுகியது. மீரா உசேனுடையது, வைத்தியலிங்கத்துடையது, எல்லாருடையதும் ஒரு வித்தியாசமும் பார்க்காமல் அழுகியது. ஊரே திரண்டு வடிகால் ஒழுங்குப் பிரிவின் வாசலில் வரிசையில் நின்றது. முதல் ஆளாகத் தியாகேசன் நின்றார். ராத்திரி முழுக்கத் தூங்காமல், அதிகாரியை என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் உருப்போட்டு வைத்திருந்தார்.

"எல்லாம் அழுகிடுச்சு சார்" என்று உரக்கத் தொடங்கினார்.

டேவிட்சன் எழுந்து நின்றே விட்டார். கண் கலங்கியது. அது பொய்க் கலக்கமில்லை. "மனசு கஷ்டமா இருக்கு தியாகேசன். ஒரு பயிர் பாழாப் போறது சாதாரண விஷயமா?" பிறகு பேனாவைத் திறந்தார். "அழுகல்னா எது? ராட்டா, டிகேயா, ஸ்பாய்லேஜா, டீகாம்பொசிஷனா?"

தியாகேசனுக்கு நெஞ்சு கொதித்தது. உருப்போட்டதையெல்லாம் கொட்டிவிட வாயைத் திறந்தார். அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் வரிசை மொத்தமும் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. மீரா உசேன் அரை அடி முன்னால் நகர்ந்து வந்திருந்தார்.

தியாகேசன் மேசைமேல் குனிந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஊர்ல யாருக்கும் இன்னும் குடுக்காதது எது சார்?"