உயிருள்ள சரக்கு

“பயணின்னு எழுதியிருக்கீங்களே மேடம்?” என்றார் கிரப்ஸ்.

ராக்கெட் கம்பெனி நடத்தும் மார்லா, தொலைபேசியைக் காதில் இடுக்கிக்கொண்டு விண்ணப்ப நகலைப் புரட்டினாள். கிரப்ஸ், வாஷிங்டனில் விண்வெளி உரிமம் கொடுக்கும் அதிகாரி. கோபப்படவே தெரியாத மனிதர். அதுதான் அவரிடம் பெரிய தொல்லை.

“ராக்கெட்ல ஏறிப் போறவரு பயணிதானே சார்?”

“பயணின்னா அது விமானமாயிடும். விமானம்னா கழிவறை வேணும். இருக்கா?”

“போய்ட்டு வரவே பத்து நிமிஷம்தான் சார்!”

“அடக்கிக்குவாருன்னு எழுதிக் குடுப்பீங்களா? பேசாம ‘பங்கேற்பாளர்’னு மாத்திப் புதுசா விண்ணப்பம் போடுங்க. ஒன்பது மாசத்துல ஆயிடும்.”

நியூ மெக்சிகோ பாலைவனத்துத் தகரக் கொட்டகைதான் கம்பெனியின் அலுவலகம். எதிரே, விண்வெளி உடுப்போடு பர்ரிட்டோ ரொட்டிச் சுருளைத் தின்றுகொண்டிருந்தார் வெண்டல். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். சர்ச் குலுக்கலில் பரிசாக வைத்த ஒரே ராக்கெட் சீட்டு அவருக்கு விழுந்திருந்தது. இரண்டு பேர் உட்காரும் ராக்கெட்டில் மற்ற இருக்கையில் எடைக்கு மணல் மூட்டைதான். இந்தச் சனிக்கிழமை பறக்காவிட்டால் அவ்வளவுதான், இதய டாக்டர் இன்னொரு முறை சம்மதிக்க மாட்டார்.

“ஆளுன்னு சொன்னாத்தானே தகராறு? சரக்குன்னு போடு கண்ணு,” என்றார் வெண்டலின் மனைவி ஓபல். பக்கத்தில் உட்கார்ந்து கம்பளித் தொப்பி பின்னிக்கொண்டிருந்தார்.

“நான் சரக்கா?” என்றார் வெண்டல்.

“அம்பது வருஷமா சுமக்கிறேன், எனக்குத் தெரியாதா?”

மார்லா சரக்கென்று மாற்றி அனுப்பினாள். மதியமே கிரப்ஸ் கூப்பிட்டார்.

“சரக்குக்குள்ள திரவம் ஏதாவது உண்டா?”

“ரத்தம் இருக்கும் சார்.”

“அப்போ அது அபாயகரமான சரக்காச்சே!”

மார்லா தலையில் கைவைத்தாள். ஓபல் நிமிராமலே, “உயிருள்ள சரக்குன்னு ஒரு வகை உண்டு இல்ல?” என்றார், அப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல.

உண்டு. ஆனால் அதற்கு மாட்டு டாக்டர் சான்றிதழ் வேண்டும். காளை அடக்கும் ரோடியோ மைதானத்திலிருந்து அவசரமாக வந்தார் டாக்டர் ஓர்ட்டீஸ். வெண்டலின் வாயைத் திறந்து பல்லைப் பிடித்தார். பல் செட்டு கையோடு வந்துவிட்டது.

“மாட்டுக்குப் போடற மாதிரி காதுல மஞ்சள் அடையாள வில்லை குத்தணும்,” என்றார் டாக்டர், செட்டைத் திருப்பிக் கொடுத்தபடி.

கெஞ்சிக் கூத்தாடி அதை உடுப்புக் காலரில் மாட்ட வைத்தாள் மார்லா.

“மன்னிச்சிடுங்க வெண்டல், உங்கள இப்படி மாடாக்கிட்டேன்.”

“மாடா இருந்தா என்னம்மா? மேல இருந்து ஒரு தடவை பாத்துடணும், அவ்வளவுதான்,” என்றார் அவர். மார்லாவுக்கு அழுகை வந்துவிட்டது.

சாயங்காலம் மறுபடி தொலைபேசி மணி அடித்தது. ஒலிபெருக்கியைப் போட்டாள்.

“எல்லாம் சரி மேடம். ஆனா உயிருள்ள சரக்கைத் தனியா அனுப்பக் கூடாது. தண்ணி காட்ட, மிரண்டா தட்டிக் குடுக்க, கூட ஒரு ஆள் போகணும்.”

“அந்த ஆளுக்கு ஒன்பது மாசமா சார்?” மார்லாவின் குரல் உடைந்தது.

“சேச்சே, ஒரு படிவம்கூட வேண்டாம். வழக்கமா பாத்துக்கிறவங்களா இருந்தாப் போதும். விதியே அப்படித்தான்.”

ஓபல் ஊசிகளைக் கீழே வைத்து, நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்.

“வேற என்ன வழி? நானே போய்த் தொலைக்கிறேன்.”

பின்னி முடித்த தொப்பியை வெண்டலுக்கு மாட்டினார். பைக்குள்ளிருந்து இன்னொன்றை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். கச்சிதமாக இருந்தது. இந்த வயதிலும் புருஷனுக்காக இப்படி ஒரு தியாகமா என்று மார்லா நெகிழ்ந்துபோனாள்.

“ரொம்ப நன்றி சார்,” என்றாள்.

“நன்றியை அந்த விதியை எழுதினவங்களுக்குச் சொல்லுங்க மேடம்,” என்றார் கிரப்ஸ். “எனக்கு வேலை கத்துக்குடுத்த ஓபல் அம்மாதான் அவங்க. ரிடையர் ஆகி ஏதோ பாலைவனப் பக்கம் போயிட்டாங்களாம். பாவம், வேலை நேரத்துலகூட ஜன்னல் வழியா வானத்தையே பாத்துக்கிட்டு இருப்பாங்க.”