செவ்வரத்தை மாஸ்டரின் படப் போத்தல்கள்

கொட்டாஞ்சேனையில் அந்த நாளில் செவ்வரத்தை மாஸ்டரின் கைக்குத் தப்பிய திரவமே கிடையாது. யுத்தத்தால் பள்ளிக்கூடத்துக்குப் லிட்மஸ் என்கிற பாசிச்சாயத் தாள் வருவது நின்றுபோக, மனுசன் செவ்வரத்தம்பூவை, அதுதான் செம்பருத்தியை, அவித்த தண்ணீரைச் சின்னப் போத்தலில் விட்டுச் சட்டைப்பையில் கொண்டு திரிந்தார். புளிப்பில் விட்டால் சிவக்கும், சுண்ணாம்பில் பச்சையாகும். கல்யாண வீட்டு மோருக்கும் இரண்டு சொட்டு.

"குடியுங்கோ மாஸ்டர்!"

"பொறுங்கோ, நிறம் சொல்லட்டும்."

நான் அவருடைய ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவினேன். எழுத்து பிறகுதான் பழகினேன். அப்போது ஒன்றும் தெரியாது. ஆனாலும் கக்கத்தில் பத்திரிகை இல்லாமல் வீதியில் இறங்கமாட்டேன். மாஸ்டர் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். மறுநாள் போத்தல்களில் எழுத்து இல்லை, படம். வினாகிரிக்குப் புளிக்கிற தேசிக்காய், சுட்ட சுண்ணாம்புக்கு வெற்றிலை, கந்தகத்துக்குப் பொத்திய மூக்கு.

"ஆருக்கும் சொல்லமாட்டன், அக்கா" என்றார். அவ்வளவுதான்.

ஒருநாள் வெள்ளவத்தையில் பிள்ளைகளுக்குச் செய்முறை காட்டக் கூடையோடு பஸ்ஸில் போனோம். சோதனைச்சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். ஆமிக்காரன் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதென்ன ரகசியக் குறி?" என்று சிங்களத்தில் கேட்டான்.

மோரைப் பற்றியே ஒரு மணித்தியாலம் கதைக்கிற மனுசன் வாயைத் திறக்கவில்லை.

"சொல்லுங்கோவன் மாஸ்டர்!"

"நீங்கள் பேசாமல் நில்லுங்கோ அக்கா."

ஜீப்பில் ஏறச் சொன்னார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "மாத்தயா, எனக்குத்தான் எழுத்துத் தெரியாது. எனக்காகக் கீறின படம்" என்று சிங்களத்தில் கத்தினேன். முழு பஸ்ஸும் என் பத்திரிகையைப் பார்த்தது.

"அப்போ இந்த வெள்ளைக் கட்டி?"

மாஸ்டருக்கு உயிர் வந்தது. தண்ணீர் வாங்கிக் கட்டியைப் போட்டார். சீறிக்கொண்டு ஆவி கிளம்ப, ஆமிக்காரர் மண்மூட்டைக்குப் பின்னால் பாய்ந்து துவக்கை நீட்டினார்கள்.

"பயப்படாதேங்கோ! ரெண்டு சேர்ந்து ஒண்டாகிற சேர்க்கைத் தாக்கம்!" என்று தமிழில் பாடம் நடத்தினார்.

"ஹுனு, ஹுனு! வெற்றிலைக்குப் போடுறது!" என்று நான் சிங்களத்தில் அலறினேன்.

அவரோ நிதானமாகச் செவ்வரத்தைத் தண்ணீரை விட்டார். பச்சை! ஆமிக்காரன் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு, தன் தேசிக்காய்த் தண்ணீரை நீட்டினான். சிவப்பு! பிறகு பின்னால் நின்ற பஸ்காரர் ஹோர்ன் அடிக்கும்வரை ஆமிக்காரர் ஆளுக்காள் தாங்கள் குடிக்கிறதைச் சோதிக்கக் கொண்டுவந்தார்கள்.

பஸ் ஓடத் தொடங்கியதும் மாஸ்டர் என்னில் பாய்ந்தார்.

"ஏன் சொன்னனீங்கள்? நான் சமாளிச்சிருப்பன்."

அவர் சமாளித்த விதத்தை நான் பார்த்துக்கொண்டுதானே நின்றேன். ஒரு காலை ஜீப்பில் வைத்துவிட்டிருந்தார்.