மைனா டீச்சர் விலக்கிவைத்த சொல்

ஒரு காட்டில், ஓடைக்கரைப் புங்க மரத்தடியில், ஒரு தொடக்கப் பள்ளி நடந்துவந்தது. மூன்றாம் வகுப்புக்குச் சொர்ணலதா என்ற மைனா டீச்சர். பிள்ளைகள் எதை எழுதினாலும் 'நல்ல' என்றே எழுதுவது டீச்சருக்குப் பொறுக்கவில்லை. நல்ல மழை, நல்ல இலை, நல்ல அம்மா.

"இனிமே அந்தச் சொல் என் வகுப்புல கூடாது. மழை எப்படிப் பெஞ்சுது? சடசடன்னா, பிசுபிசுன்னா? கண்ணால பாரு, காதால கேளு, மோந்து பாரு. அப்புறம் எழுது!"

பிள்ளைகள் கப்பென்று பிடித்துக்கொண்டார்கள். முள்ளம்பன்றிக் குட்டி நாவரசு, "அப்பா குறட்டை விட்டால் சருகுக் குவியலில் யாரோ புரளுகிறார்கள்" என்று எழுதினான். டீச்சருக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கல்வி அதிகாரி ஆய்வுக்கு வந்தார். அதிகாரி ஒரு புலி. போன வாரம் அவர் ஆய்வு செய்த பள்ளியில் இப்போது ஓர் ஆசிரியர் பணியிடம் காலி.

"உங்க பிள்ளைங்க வாக்கியம் எழுதுறதுல கெட்டியாமே? எங்கே, என்னைப் பத்திச் சொல்லட்டும்" என்றார் புலியார்.

டீச்சர் கண்ணைக் காட்டுவதற்குள் முயல்குட்டி பூவரசி எழுந்துவிட்டாள். "அதிகாரி அய்யாவுக்கு முன்னால் அவருடைய தொப்பை வகுப்புக்குள் வந்தது!"

"அவர் கொட்டாவி விட்டதும் முந்தாநாள் கறி நாறியது!" என்றான் நாவரசு.

வேறொரு நாளாக இருந்தால் டீச்சர் இரண்டு பேருக்கும் கைதட்டச் சொல்லியிருப்பார். புலியாரின் வால் ஆடாமல் நின்றது. அவர் பூவரசியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உதட்டை நக்கிக்கொண்டார்.

டீச்சர் படபடவென்று பறந்து நடுவில் போய் உட்கார்ந்தார். "அய்யா, அய்யா! அதெல்லாம் தப்பு விடைங்க. சரியான விடையை நான் இன்னும் எழுதிப் போடவே இல்லை." சாக்பீஸை அலகில் கவ்விக் கரும்பலகையில் எழுதினார்: 'அதிகாரி நல்லவர்.'

புலியார் வாய்விட்டுப் படித்தார். "அவ்வளவுதானா?"

டீச்சர் 'நல்லவர்' என்பதற்கு முன்னால் 'மிக மிக' என்று சேர்த்தார்.

"ஆகா! எப்படி இருக்கு பாருங்க, கண்ணு முன்னால நான் அப்படியே வந்து நிக்கறேன்!" என்று மெச்சிவிட்டுப் புலியார் கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும் பூவரசி கேட்டாள்: "டீச்சர், அந்தச் சொல்லை எழுதவே கூடாதுன்னீங்களே?"

டீச்சர் சிறகால் கரும்பலகையை அழித்தார். "அது மூணாம் வகுப்புப் பாடம்மா. இது பெரிய வகுப்புப் பாடம். அவசரத்துக்கு முன்னாடியே நடத்திட்டேன்."

நீதி: எழுத்தில் உயிர் இருக்க வேண்டும்தான், எழுதியவர் உடம்பிலும் அது இருக்க வேண்டுமென்றால் ஆளைப் பார்த்து எழுது.