அடுப்படிக்குள் ஒரு குவாண்டம் பாயிண்ட்

நாமகிரிப்பேட்டைப் பக்கம் தேங்காய்க்கு மரியாதை போய்விட்டது.

முன்பெல்லாம் போர்வெல் போடுவதற்கு முன்னால் ஒருவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு தோட்டம், காடு முழுக்க நடப்பார். தேங்காய் எந்திரித்து நின்றால் அங்கே தண்ணீர்; அதுதான் துளைக்கவேண்டிய 'பாயிண்ட்'. ரிக் வண்டி வந்து துளைக்கும். வெறும் புழுதி பறக்கும். "நீரோட்டம் நகந்துருச்சுங்க" என்று சொல்லிவிட்டு, தட்சணையோடு தேங்காயையும் சேர்த்து எடுத்துக்கொண்டு அவர் போய்விடுவார். சட்னிக்காவது ஆகுமே!

இப்போது நாம் முன்னேறிவிட்டோம். தேங்காய் பார்ப்பது மூடநம்பிக்கையாம். குவாண்டம் பார்ப்பது விஞ்ஞானமாம்.

அந்த விஞ்ஞானத்தின் பெயர் 'டாக்டர்' குருமூர்த்தி. எதற்கு டாக்டர் என்று கேட்காதீர்கள். அவரும் யாரிடமும் சொன்னதில்லை. அவர் கார் வருவதற்கு முன்பே பிளெக்ஸ் வந்துவிடும். 'ஜெர்மனி – ஜப்பான் – சேந்தமங்கலம் சர்வதேசக் கூட்டு ஆராய்ச்சி! அதிநவீன வைரத்தால் ஆன குவாண்டம் சென்சார்! பூமிக்குள் ஆயிரம் அடி பார்க்கும்! இதுவரை தோல்வியே இல்லை!' நடுவில் வெள்ளைக் கோட்டில் குருமூர்த்தி. இரண்டு பக்கமும் இரண்டு வெள்ளைக்காரர்கள் அவர் தோளில் கை போட்டபடி. அதில் ஒருவர் கையில் அன்னாசிப் பழம்.

"கொல்லிமலைக்கு அருவி பாக்க வந்தவங்களாட்ட இருக்குதேப்பா" என்று யாரோ கேட்டார்கள்.

"அன்னாசியிலயும் குவாண்டம் இருக்குதுங்க" என்றார் குருமூர்த்தி. கூட்டம் கைதட்டியது. கேட்டவரும் சேர்ந்து தட்டினார்.

அன்றைக்குக் கூட்டம் கூடியது அங்கமுத்துவின் தோட்டத்து வீட்டில். கிணறு வற்றி, மரவள்ளிக் குச்சிக்கிழங்குச் செடி தலை தொங்கிப் போயிருந்தது. சாலையில் கருப்பண்ணனின் ரிக் வண்டி யானை மாதிரி நின்றது. வாசலில் ஊரே நின்றது. குருமூர்த்தி ஒரு கறுப்புப் பெட்டியைக் கையில் ஏந்தி நடந்தார். பெட்டியின் தலையில் ஓர் ஏரியல். நெற்றியில் ஒரு கல், பளபளவென்று.

பெட்டி காட்டில் கத்தவில்லை. களத்தில் கத்தவில்லை. வாசற்படி தாண்டி வீட்டுக்குள் போனது. ஊரும் பின்னாலேயே போனது, செருப்பைக்கூடக் கழற்றாமல். அடுப்படிக்குள் நுழைந்து, அடுப்புக்கு நேர் முன்னால் நின்று, பெட்டி 'பீங்... பீங்... பீங்' என்று அலறியது.

"இங்கதானுங்க! கடலாட்டத் தண்ணி!"

அங்கமுத்துவின் மனைவி ராசாத்தி கையில் கரண்டியோடு நின்றார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஓலைச் சாய்ப்புக்குள் கண்ணைக் கசக்கிக்கொண்டு சமைத்தவர். போன தை மாதம்தான் வெள்ளை டைல்ஸ் ஒட்டிய இந்த அடுப்படி அவருக்கு வாய்த்தது. இன்னும் தாளிக்கும்போது எண்ணெய் தெறித்தால் முந்தானையாலேயே துடைப்பார்.

"ஏனுங்க, அடுப்பு இருக்கற எடத்துலயா?"

"குவாண்டத்துக்கு அடுப்பு, ஆட்டுக்கல்லுன்னு வித்தியாசம் தெரியாதும்மா" என்றார் குருமூர்த்தி. சொல்லிவிட்டு, வாங்கிய ஆராய்ச்சி நன்கொடையோடு காரைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். வழக்கமாக விஷயம் இங்கே முடிந்துவிடும்.

அன்றைக்கு முடியவில்லை. ஏனென்றால் அங்கமுத்து நம்பினார். சும்மா நம்பவில்லை, முழுசாக நம்பினார்.

"கடப்பாறைய எடுங்கடா! செவுத்த இடிச்சு வண்டிய உள்ள உடுங்க!"

குருமூர்த்தி நின்ற இடத்திலேயே திரும்பினார். முகத்தில் குவாண்டம் இல்லை, வேர்வை இருந்தது.

"அவசரப்படாதீங்க. ஊட்ட இடிக்கறது பாவமுங்க. நல்லா யோசன பண்ணி..."

"இதுல என்னங்க யோசன? ஜெர்மனிக்காரன் சொல்லிப்போட்டான்!"

"இல்லீங்க, வேணும்னா அக்கட்டால காட்டுல எங்காவது போட்டுப் பாருங்க..."

"பாயிண்டு இங்க, காட்டுல எதுக்குப் போடோணும்? கருப்பண்ணா, வண்டிய எடு!"

ராசாத்தி அடுப்படி வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டார். "இடிக்கறதுன்னா என்னையும் சேத்து இடிங்க!"

"தண்ணி வேணுமா வேண்டாமா புள்ள உனக்கு?"

"தண்ணி வந்தா அத எங்க வெச்சுக் காச்சறது? உங்க தலையிலயா?"

கூட்டத்தில் சிரிப்பு. இந்தச் சண்டைக்கு நடுவில், கொல்லையில் கைகழுவிவிட்டு உள்ளே வந்தாள் கோகிலவாணி. ராசாத்தியின் அண்ணன் மகள், லீவுக்கு வந்தவள். பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் வேலை. என்ன வேலை? குவாண்டம் சென்சாருக்கு வைரம் வளர்க்கிற வேலை! ஜெர்மனியிலும் ஜப்பானிலும் நிஜமாகவே கூட்டாளிகள் உண்டு. ஆனால் அவளுக்கு பிளெக்ஸ் இல்லை. அதனால் ஊரில் யாருக்கும் தெரியாது.

அவள் குருமூர்த்தியை ஒரு நிமிஷம் பார்த்தாள். தான் சொன்ன இடத்தில் துளைக்க வேண்டாம் என்று கெஞ்சுகிற விஞ்ஞானியை அவள் எந்த நாட்டிலும் பார்த்ததில்லை.

"ஏனுங்க, இங்க இவருகிட்டப் பாயிண்டு பாத்தவங்க யாரு யாரு? உங்களுக்கு எங்க விழுந்துச்சு?"

"எனக்குப் பங்காளி காட்டுல விழுந்துச்சு. நானும் அவனும் பேசியே பல வருசம். போடுவானா?" என்றார் ஒருவர்.

"எனக்கு டிரான்ஸ்பார்மருக்குக் கீழங்க."

"எங்களுக்கு மாரியாத்தா கோயில் கருவறையிலம்மா!"

"சரி. அந்தந்த எடத்துல போட்டு, தண்ணி வந்தவங்க?"

கூட்டத்தில் ஒருவர் தலையைச் சொறிந்தார்.

"யாரும் போடவே இல்லியே, சாமி."

"அப்ப இவரு சொன்னது தப்புன்னு எப்படித் தெரியும்? அதுதானுங்க தோல்வியே இல்லாத ரகசியம்."

குருமூர்த்தி வெள்ளைக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "இது சர்வதேச ஆராய்ச்சி. உனக்குப் புரியாதும்மா."

"புரியும்னு நெனைக்கறேங்க. நாங்க வளக்கற வைரச் சில்லு அரிசி நொய்யாட்ட இருக்கும். மெல்லிசான காந்த சக்தியக் கண்டுபிடிக்கும். பக்கத்துல ஒரு லாரி போனாப் போதும், கணக்கு மொத்தமும் கெட்டுப்போகும். இங்க இத்தாப் பெரிய இரும்பு வண்டி நிக்குது. உங்க வைரம் அதப்பத்தி ஒரு வார்த்தகூடப் பேசலியே?"

"எங்க வைரம் வேற ரகம்."

"இருக்கட்டுங்க. நாங்க ஒரே வைரச் சில்ல, பேர மறைச்சு, ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் அனுப்புவோம். அவங்க முடிவு எங்களுக்குத் தெரியாது. எங்க முடிவு அவங்களுக்குத் தெரியாது. எல்லாரும் ஒண்ணே சொன்னாத்தான் நம்புவோம். கூட்டு ஆராய்ச்சின்னா தோள்ல கை போட்டுப் போட்டோ எடுக்கறது இல்லீங்க. ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர் சோதிக்கறது." அவள் அங்கமுத்து மாமனின் தோளிலிருந்து துண்டை உருவினாள். "பாக்கறது நீங்களா, பெட்டியா?"

"பெட்டிதான்!" என்றார் குருமூர்த்தி கம்பீரமாக. அவர் வாழ்க்கையில் சொன்ன மிக அவசரமான பதில் அதுதான்.

"அப்பக் கண்ணக் கட்டிக்கலாமுங்களா?"

"கட்டுங்க, கட்டுங்க!" என்று முந்திக்கொண்டார் அங்கமுத்து. "அடுப்படியிலயே கத்தும், பாரு!" பாவம், பக்தர்.

கண்ணைக் கட்டினார்கள். தலை கிறுகிறுக்கும்வரை சுற்றிவிட்டார்கள். பெட்டி கத்துகிற இடத்தில் எல்லாம் சுண்ணாம்புப் பொடியால் வட்டம் போடுவது என்று பேச்சு. குருமூர்த்தி நடந்தார்.

பெட்டி மாட்டுக் கொட்டகையில் கத்தியது. வட்டம். மறுபடி சுற்றிவிட்டார்கள். குப்பைமேட்டில் கத்தியது. வட்டம். அடுத்து, கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒருவருக்கு நேர் முன்னால் போய்க் கத்தியது.

"எனக்குள்ளயா தண்ணி? மத்தியானம் ஒரு சொம்பு மோர்தானப்பா குடிச்சேன்!"

வாசல் சிரிப்பில் குலுங்கியது. குருமூர்த்தி தட்டுத் தடுமாறிச் சாலைக்கே போய், ரிக் வண்டியின் டயரில் முட்டி, அங்கேயும் 'பீங்' என்றார். அதாவது, பெட்டி 'பீங்' என்றது. கருப்பண்ணன் காதைத் தீட்டினார்.

"ஏனுங்க, அந்தச் சத்தம் எனக்குத் தெரிஞ்ச சத்தமாட்ட இருக்குதே!"

பெட்டியை வாங்கித் திறந்தார். உள்ளே ஒரு பேட்டரி, கட்டைவிரலுக்குத் தோதாக ஒரு பட்டன், அப்புறம்...

"அட, இது லாரிய ரிவர்ஸ் எடுக்கறப்பக் கத்தற ஹாரனுங்க! எங்க வண்டியிலயும் இதேதான் இருக்குது!"

ராசாத்தி நெற்றிக் கல்லை விரலால் சுரண்டினார். "கவரிங் கம்மல் கல்லு. நாமக்கல் கடைவீதியில கூட வாங்கலாம்."

துண்டை அவிழ்த்துக்கொண்ட குருமூர்த்தி, கொட்டகையிலிருந்து சாலைவரை கோலம் போட்டாற்போல் கிடந்த வட்டங்களைப் பார்த்தார். அடுப்படியில் மட்டும் ஒன்றும் இல்லை. ஆராய்ச்சி நன்கொடை கொடுத்தவர்கள் காரைச் சுற்றி நின்றுகொண்டார்கள். திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப முடிந்தது. கார் பின்னால் நகர்ந்தபோது 'பீங்... பீங்' என்றது. "சென்சார் வேல செய்யுது!" என்று ஊரே கத்தியது.

அங்கமுத்து கடப்பாறையை ராசாத்தி பார்க்காத இடத்தில் வைக்கப் பார்த்தார். ராசாத்தி பார்த்துவிட்டார். நேராக உள்ளே போய் எல்லோருக்கும் காப்பி வைத்தார், அதே அடுப்பில்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் நம் மக்களை உங்களுக்குத் தெரியாதா? காப்பியைக் குடித்து முடித்ததும் ஒருவர் வாயைத் துடைத்துக்கொண்டு கோகிலவாணியிடம் வந்தார். பின்னால் ஒரு வரிசையே நின்றது.

"அம்மிணி, அவன் பொய்க் குவாண்டம். நீதான் நெசக் குவாண்டம். எங்க காட்டுல எங்க தண்ணி இருக்குதுன்னு நீ ஒரு பாயிண்டு சொல்லு!"

"எனக்குத் தெரியாதுங்க."

"தெரியாதா?"

"தெரியாதுங்க. பூமி பாக்கத் தெரிஞ்ச நிலவியல்காரங்களக் கூப்புட்டுக் கேளுங்க. அவங்களும் 'இருக்கலாம்'னுதான் சொல்லுவாங்க. நிச்சயம்னு சத்தியம் பண்ண மாட்டாங்க."

வந்தவரின் முகம் விழுந்துவிட்டது. "இவ்வளவு படிச்சும் தெரியாதுங்கறாளே! குருமூர்த்தியே தேவலாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

போகட்டும். உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். 'தெரியாது' என்று சொல்கிறவர்களிடம் காதைக் கொடுங்கள். 'எல்லாம் தெரியும், தோல்வியே இல்லை' என்கிறவனிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "எங்கே, இன்னொரு தடவை செய்து காட்டுங்க." அதைச் சொல்ல ஜெர்மனியும் வேண்டாம், ஜப்பானும் வேண்டாம். வாய் எல்லோருக்கும் இருக்கிறது. அதைக் கைதட்டல் ஓயும்வரை காத்திராமல் திறக்கவேண்டும், அவ்வளவுதான்.