ஆர்வில் லுண்டின் மரணம், சில திருத்தங்களுடன்

போன குளிர்காலத்தில் செத்துப்போன ஆர்வில் லுண்ட், மளிகைக் கடையில் ஊறவைத்த மீன் ஜாடியைத் தூக்கி விலை பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்னிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தள்ளுவண்டியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ரொட்டி அடுக்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். எட்டிப் பார்த்தாள். அவரேதான். அதே சிவப்புக் கட்டம் போட்ட சட்டை, அதே பெரிய காது. செத்ததற்கான அடையாளம் ஒன்றுகூட இல்லை. முன்னைவிடக் கொஞ்சம் சதை வேறு போட்டிருந்தார்.

வேறு சமயமாக இருந்தால் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்திருப்பாள். ஆனால் வருகிற வெள்ளிக்கிழமை அவளுக்கு மருத்துவக் கல்லூரியில் நேர்காணல். இரண்டு வருஷம் விண்ணப்பித்து, இரண்டு வருஷமும் முகத்தில் அடித்த மாதிரி இல்லை என்றுவிட்டார்கள். இந்தத் தடவைதான் கூப்பிட்டிருக்கிறார்கள். கூப்பிட வைத்ததே, 'உங்களுக்கு மிகவும் அர்த்தமுள்ள அனுபவம் எது?' என்ற கேள்விக்கு அவள் எழுதிய பதில்தான். அந்தப் பதிலில் ஆர்வில், அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ நல்ல டாக்டரா வருவே" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடியிருந்தார்.

முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. ஏரிக்கரை முதியோர் இல்லத்துக்கு வாராவாரம் தொண்டுக்குப் போய் அவரோடு சீட்டாடியவள்தான். ஒருநாள் போனால் கட்டில் காலி, கதவில் பெயர் அட்டையும் இல்லை. தொண்டர்களைக் கவனிக்கும் லொரெட்டாவிடம் பதறிப்போய்க் கேட்டாள். லொரெட்டா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "அவரைப் பத்தி ஒண்ணும் சொல்லக் கூடாதும்மா. அந்தரங்கச் சட்டம்" என்றாள். வேறென்ன நினைப்பது? மார்னி காரில் உட்கார்ந்து அழுது தீர்த்தாள். அதற்கப்புறம் அந்த இல்லத்துப் பக்கமே போகவில்லை. அந்த அழுகை நிஜம். கையைப் பிடித்தது மட்டும், கட்டுரையில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்ததே என்று சேர்த்தது.

"அனுப்பின கட்டுரையில ஒரு புள்ளியக்கூட மாத்த முடியாதுடி" என்றாள் அறைத்தோழி டெஸ்.

"கல்லூரியிலேருந்து லொரெட்டாவுக்குப் போன் போட்டு விசாரிச்சா?"

"நீ முந்திக்கோ. பேசி வை."

மார்னி முந்திக்கொண்டாள்.

"லொரெட்டா, யாராவது ஆர்வில் பத்திக் கேட்டா என்ன சொல்வீங்க?"

"மூச்சு விட மாட்டேன். சட்டம்."

"உயிரோட இருக்காரான்னு கேட்டாக்கூட?"

லொரெட்டாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஏம்மா, அந்த மனுஷனை நீ என்ன பண்ணப் போறே?"

ஆர்வில் பற்றி வெளியே சொல்லத்தான் சட்டம் தடுத்தது. ஆர்விலிடமே சொல்வதை அது தடுக்கவில்லை. மறுநாள் காலையில் மார்னியின் போன் அடித்தது.

"நான் உயிரோட இருக்கேனான்னு விசாரிச்சியாமே? இருக்கேன். சீட்டாட வா."

போனாள். மூடி மறைக்க இனி என்ன இருக்கிறது?

"எங்க போயிட்டீங்க ஆர்வில்?"

"அரிசோனாவுக்கு, மக வீட்டுக்கு. நம்ம மினசோட்டா பனியில மனுஷன் இருப்பானா? வருஷா வருஷம் போறதுதானே!"

"எனக்குத் தெரியாதே! நீங்க செத்துட்டீங்கன்னு விண்ணப்பத்துல எழுதிட்டேன்."

ஆர்வில் சீட்டைக் கீழே வைத்தார். "அட, நீயுமா!"

மனிதர் மனசு உடைந்துவிட்டார் என்று நினைத்தாள் மார்னி. அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எங்க, படி. எப்படிச் செத்தேன்னு கேட்போம்" என்றார்.

படித்தாள்.

"செத்ததெல்லாம் சரி. ஆனா நான் போய் இப்படி நல்ல வார்த்தை பேசுவேனா? 'ஏமாத்தாம சீட்டைப் போடு'ன்னுல்ல சொல்லியிருப்பேன்!"

"உங்க கால்ல விழறேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் வெளியில தலை காட்டாதீங்க."

"சரி, செத்தே கிடக்கேன். போ."

வெள்ளிக்கிழமை காலையில் மார்னியின் கார் கிளம்ப மறுத்தது. டெஸ் வேலைக்குப் போய்விட்டாள். பஸ்ஸும் போய்விட்டது. மார்னி தெருவில் நின்று காரை உதைத்துக்கொண்டிருந்தபோது ஆர்வில் வாழ்த்துச் சொல்லப் போன் போட்டார். விஷயத்தைக் கேட்டதுதான் தாமதம், ட்ரக்கோடு வந்து நின்றார்.

"வாசல்ல இறக்கி விட்டுட்டு அப்படியே கிளம்பிடணும், சொல்லிட்டேன்."

"சரி சரி, ஏறு."

கல்லூரி வாசலில் ஆர்விலுக்கு அவசரமாக ஒண்ணுக்கு வந்துவிட்டது. "இந்த வயசுல அடக்க முடியாதும்மா." உள்ளே போகிறவர்கள் பெயர் எழுதி நெஞ்சில் ஸ்டிக்கர் ஒட்டியாக வேண்டும் என்றார் காவலாளி. ஆர்வில் தடித்த பேனாவை வாங்கி, ஊருக்கே தெரிகிற எழுத்தில் 'ஆர்வில்' என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கிற முகம் ஒன்றையும் போட்டார். போன காரியம் முடிந்ததும் நேராக வந்து, காத்திருப்போர் சோபாவில் மார்னியின் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அங்கே பிஸ்கட் வைத்திருந்தார்கள்.

"கோட்டைப் போட்டு அதை மூடுங்களேன்!"

"வேர்க்குதும்மா."

கதவு திறந்தது. நேர்காணல் நடத்தும் டாக்டர் ஹால்வொர்சன் கையில் கோப்போடு வந்தார். மார்னியைப் பார்த்தார். ஸ்டிக்கரைப் பார்த்தார். கோப்பைப் பார்த்தார். ஆர்விலின் காதைப் பார்த்தார்.

"வேணும்னா செத்தவரோட தம்பின்னு சொல்லிடறேன்" என்று காதோரம் கிசுகிசுத்தார் ஆர்வில். "முகத்துல காட்டிக்க மாட்டேன்."

சொல்லிவிட்டால் தப்பித்துவிடலாம். 'சரி' என்கிற வார்த்தை மார்னியின் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் இத்தனை நாள் தூக்கமில்லாமல் தவித்தது போதாதா? இன்னொரு பொய்யை எடுத்துவைக்க அவளுக்குத் தெம்பில்லை. எழுந்து நின்றாள்.

"டாக்டர், இவர்தான் அவர். சாகல. செத்துட்டார்னு நெஜமாவே நம்பி அழுதேன். ஆனா இவர் என் கையைப் பிடிக்கல, நல்ல டாக்டரா வருவேன்னும் சொல்லல. அது நானா சேர்த்தது. என்னைத் திருப்பி அனுப்பினாலும் நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

ஆர்வில் கடித்த பிஸ்கட்டை மெல்லாமல் வாயிலேயே வைத்திருந்தார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, மேஜையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த உதவியாளர் பக்கம் திரும்பினார்.

"வெர்னா, இது எத்தனாவது?"

வெர்னா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இந்த வருஷம் மட்டும் இவர் அஞ்சு பேர் கையைப் பிடிச்சுட்டு செத்திருக்காரு டாக்டர், உயிரோட கூட்டிட்டு வந்தது இந்தப் பொண்ணு ஒருத்திதான்."