கருவாட்டுக் களத்தில் காய்ந்த புத்தகங்கள்

எனக்கும் புத்தி உண்டு. என்ன, அது எப்போதும் கடைசி பஸ்ஸில்தான் வந்து சேரும். கொரோனா ஊரடங்கில் அதைக்கூடத் தவறவிட்டேன்.

அப்போது மண்டபத்தில் ஒரு கிளை நூலகத்தில் நூலகராக இருந்தேன். வாசகர்கள் வரக்கூடாது என்று கதவைப் பூட்டியாயிற்று. நானே ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய் வாசலில் புத்தகத்தை வைத்துவிட்டு வந்தேன். திரும்பி வருவதை மூன்று நாள் வெயிலில் காயப்போட்டே அடுத்தவருக்குக் கொடுப்பது என்று ஒரு சட்டமும் போட்டேன். (யாரும் கேட்கவில்லை, நானாகப் போட்டதுதான்.) எங்கள் ஓட்டுக் கட்டடத்துக்கு மொட்டை மாடி கிடையாது. படகுகள் கடலுக்குப் போகாததால் கருவாடு காயப்போடும் களம் சும்மா கிடந்தது. அந்த மணலில் நாற்பது புத்தகங்களை விரித்து, காக்காய்க்குப் பயந்து மேலே வலையும் போட்டேன்.

மறுவாரம் போன் ஓயவில்லை.

"ஏங்க மேடம், கதைப் புத்தகம் கேட்டா நெத்திலியக் குடுத்துட்டுப் போயிருக்கீக?"

"எங்க வீட்டுப் பூனை புத்தகத்த விட்டு நகர மாட்டேங்குது."

காசிம் பாய் மட்டும்தான் குறை சொல்லவில்லை. பிள்ளைகள் துபாயில், மனைவி இல்லை, தனி ஆள். வாரம் நாலு புத்தகம் படிப்பார். "ஒரு வாடையும் இல்லையேம்மா, நல்லாத்தான இருக்கு" என்றார்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு நாள் அதையே சர்டிபிகேட்டாக நீட்டினேன். "காசிம் பாய்க்கு இல்லாத மூக்கா ஒங்களுக்கு?"

வீட்டிலும் அதைப் பீற்றிக்கொண்டபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்த என் மகள் கையை நிறுத்தினாள்.

"அம்மா, அவருக்கு எந்த வாடையுமே தெரியலையா?"

உடனே போன் போட்டேன்.

"மூணு நாளா சாயாவே வெந்நி மாதிரிதாம்மா இருக்கு" என்றார் பாய். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு முறை மூச்சு வாங்கினார்.

ஆம்புலன்ஸ் வந்தது. நான் தெருவிலேயே தள்ளி நின்றேன். "இன்னும் முப்பது பக்கம் இருக்கு, முடிச்சிட்டுத் தாரேன்" என்று புத்தகத்தோடு ஏறினார். அவரும் திரும்பவில்லை, புத்தகமும் திரும்பவில்லை. அந்த இரண்டு நாள் முந்தியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று எந்த டாக்டரிடமும் கேட்க இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போதும் வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதித்தால், மகள் கரண்டியை என் மூக்குக்கு நேரே நீட்டி, "மேடம், வாடை வருதா?" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான். அப்புறம் அந்தக் கரண்டியை வாங்கி ஒவ்வொருவர் மூக்கருகிலும் பிடிப்பேன். அத்தனை பேரும் "வருது" என்று சொன்ன பிறகுதான் சோறு போடுவேன்.